நீலத் துணியும் சின்ன லேப்டாப்பும்

எங்கள் கிளினிக்குக்கு அந்த லேப்டாப் வந்தபோது அதன் மூடியில் பூனைக்குட்டி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. துபாயிலிருந்து திரும்பிவந்த ஒருவர், தன் மகள் வைத்திருந்த பழையதை நன்கொடையாகக் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. சுலைகா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "அரிசிப் பத்திரி சுடுற கல்லு இதைவிடக் கனமா இருக்கும்" என்றாள். ஸ்டிக்கரை அவள் உரிக்கவில்லை. உரித்தால் பசை நிற்கும், பசையில் அழுக்கு பிடிக்கும் என்பது அவள் கணக்கு.

சுலைகா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். காளிகாவிலிருந்து மலை ஏறத் தொடங்கும் இடம்வரை எங்கள் பகுதி. நாற்பது வீடுகளுக்குக் குறையாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். பதினேழு வயதில் கல்யாணம். கணவன் சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டினான், இவள் இங்கே ஆறு வருஷம் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் முதுகுப் புண்ணைக் கழுவும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். ஏன் உப்புத் தண்ணீர், ஏன் பஞ்சு வேண்டாம், ஏன் இறுக்கக் கூடாது. மாமியார் இறந்து நாற்பது நாள் முடிந்ததும் கிளினிக் வாசலில் வந்து நின்று, "எனக்குக் கை பழகிடுச்சு சிஸ்டரே. வேற யாருக்காவது செய்யணும்னா சொல்லுங்க" என்றாள். மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினோம். நர்ஸாக இருந்து நான் ஓய்வுபெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்ததால் இந்த விஷயம் முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

புண்ணைப் படம் எடுத்துவைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவள் அவள்தான். தினம் பார்க்கும் கண்ணுக்குப் புண் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியாது. போன வாரப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆனால் படத்தில் முகம் வரக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. கிளினிக் போன் எங்கேயாவது தொலைந்தால் ஒரு குடும்பத்தின் மானம் தெருவுக்கு வந்துவிடும். அதற்குச் சுலைகா ஒரு வழி கண்டாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நோயாளியின் பழைய துணியில் விரல் நீளத் துண்டு ஒன்று வாங்குவாள். துவைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி, விளிம்பில் சென்டிமீட்டர் கோடு போடுவாள். படம் எடுக்கும்போது புண்ணுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டு இருக்கும். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி என்றால் ஆற்றோரத்து வீட்டுக்காரர். தலையில் போடும் மஞ்சள் பூத் தட்டம் என்றால் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் வயதான உம்மா. வெளியாள் பார்த்தால் துணி. எங்களுக்கு அதுதான் பெயர்.

நீலத் துணி ஆலிக்குட்டியுடையது. மர டிப்போவில் லாரிக்குச் சுமை ஏற்றும் ஆள், ஐம்பத்துநான்கு வயது. சுமைத் தொழிலாளிகள் போடும் அந்த நீலச் சட்டையின் முதுகுப் பக்கத்திலிருந்து சுலைகா கத்தரித்தபோது அவர் விட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"முதுகுலயா வெட்டுவே? நாளைக்கு நான் லோடு ஏத்தும்போது ஊரெல்லாம் என் முதுகைப் பாத்துச் சிரிக்கும்!"

"உங்க காலைப் பாத்து அழுவுறதைவிட முதுகைப் பாத்துச் சிரிக்கட்டும் ஆலிக்கா. காலை நீட்டுங்க."

அவருக்குச் சர்க்கரை. இடது பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் ஆணி குத்தி மூன்று நாள் தெரியாமலே நடந்திருக்கிறார். உணர்ச்சி இல்லாத பாதம் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜன், பேச்சில் சிக்கனமான ஒரு டாக்டரம்மா, சுலைகாவிடம் நேரடியாகச் சொல்லிவிட்டார்: "ஆறு வாரம் பாப்போம். வாரத்துக்கு ஒரு படம், எல்லாத்தையும் ஒரே தாள்ல வரிசையா வச்சு அனுப்புங்க. குறைஞ்சா கால் இருக்கும். பரவினா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். பரவினது லேட்டாத் தெரிஞ்சா, அதுக்கும் மேல."

ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் ஜீப்பில் இரண்டு மணி நேரம். அதுவும் ஜூன் மாத எடவப்பாதி மழை தொடங்கிய பிறகு எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் படம்.

ஆறு படங்களை ஒரே தாளில் வைக்கப் போனில் முடியவில்லை. போனில் பதினோராயிரம் படங்கள் திணறிக்கொண்டிருந்தன. அதற்குத்தான் லேப்டாப். லேப்டாப்புக்குப் படங்களை அடுக்கிவைக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். சுலைகா நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள்: துணிவாரியாகப் பிரிக்கணும். தேதிவாரியாக அடுக்கணும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

கடைத்தெருவில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரன் முதலில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். அவன் கடையில் பெரிய மேசையில் பெரிய பெட்டியில் ஓடும் சாமான் அது. எங்கள் குட்டி லேப்டாப்பில் அதைத் திறந்தால் விசிறி, மிக்ஸி மாதிரி இரைந்தது. அது திறந்து முடிப்பதற்குள் சுலைகா இரண்டு பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நூறு படம் உள்ளே போனதும் திரை அப்படியே நின்றது.

"யானையை ஆட்டோவுல ஏத்தியிருக்கான்" என்றாள். அன்றே எடுத்துவிட்டாள்.

இரண்டாவது, எல்லாப் படங்களையும் இன்டர்நெட்டில் எங்கோ ஏற்றிவைத்து அங்கிருந்து காட்டுவது. லேப்டாப்பில் இடமே பிடிக்காது என்று சொன்னார்கள். சுலைகா ஒரு கேள்விதான் கேட்டாள்: "எங்கோன்னா எங்க?" யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அந்த உம்மா அவங்க மருமகன்கிட்டக்கூட முதுகைக் காட்ட மாட்டாங்க. நான் போய் எங்கோ காட்டுறேன்னு சொல்லவா?" அதுவும் போயிற்று.

மூன்றாவதைக் கொண்டுவந்தவர் சைதலவி மாஷ். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கிளினிக்கில் தொண்டராக இருந்தார். பதிவேடு, கடிதம், ஆங்கிலம் எல்லாம் அவர் வேலை. அந்த மென்பொருள் சின்னது, இலவசம், இன்டர்நெட் கேட்காது. சட்டென்று திறந்தது. தேதிவாரியாகத் தானே அடுக்கியது. ஒரு வேடிக்கையும் செய்தது. முகங்களைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் வசதி அதில் உண்டாம். எங்கள் படங்களில் முகமே கிடையாது. அது தேடித் தேடிப் பார்த்து, ஒன்பது குதிகால்களை ஒன்றாகச் சேர்த்து, "இவர் யார்?" என்று கேட்டது.

மாஷ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பேர் போடு சுலைகா. குதிகால் ஹாஜின்னு போடு."

"சிரிக்காம அந்த முகம் தேடுறதை நிறுத்துங்க மாஷே. குதிகாலை முகம்னு சொல்றது எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்."

அன்றைக்கு அவள் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். அவளும் கவனித்திருக்க வேண்டும். வேகமாகத் திறக்கிறது, துணிவாரியாகப் பிரிக்கிறது என்ற திருப்தியில் அதையே வைத்துக்கொண்டோம்.

ஆலிக்குட்டியின் ஐந்தாவது வாரத்தில் சுலைகாவின் மகளுக்குப் பிரசவம். வண்டூரில் மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தாள். கட்டு மாற்ற வேறு நர்ஸ் போனாள்; அந்தப் புண் முன்பு எப்படி இருந்தது என்று அவள் பார்த்ததில்லை. அதே நீலத் துணியை வைத்துப் படமும் எடுத்தாள். சுலைகா போகுமுன் மாஷிடம் சொன்னது இவ்வளவுதான்: "கிளினிக் போன்ல இருந்து படத்தை ஏத்துங்க. ஆறையும் தாள்ல வச்சு டாக்டரம்மாவுக்கு அனுப்புங்க."

மாஷ் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது: புண் நன்றாக ஆறுகிறது, இதே கட்டு தொடரட்டும், ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். மாஷ் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் அந்த வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். ஆலிக்குட்டியின் மனைவி மைமூனா சேமியாப் பாயசம் காய்ச்சிக் கொடுத்தாளாம்.

சுலைகா திரும்பிய காலையில் நானும் கிளினிக்கில் இருந்தேன். பையைக் கீழே வைக்காமலே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஆறு படங்கள், எல்லாம் வெளிச்சமாக, பளிச்சென்று. ஆறாவதில் புண், பச்சைப்பிள்ளையின் உதடு மாதிரி இளஞ்சிவப்பு. அவள் முகம் மலரவில்லை.

"மாஷே, இதுல யார் யார் காலைக் கலந்துட்டீங்க?"

"கலக்கலையே! எல்லாம் ஆலிக்குட்டிதான்."

"நீலத் துணி நம்மகிட்ட ஒண்ணுதான். இங்க பாருங்க. இது மயில் கழுத்து. இது வானம். இது கத்திரிக்காய். ஆறு படத்துல ஆறு நீலம்."

அலமாரியைத் திறந்து ஆலிக்குட்டியின் கோப்பிலிருந்து துண்டை எடுத்தாள். தாளின் மேல் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் வைத்தாள். ஒன்றுக்கும் பொருந்தவில்லை. பிறகு விரலால் பாதத்தின் மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆறிலும் மச்சம் அதே இடத்தில் இருந்தது. கால் ஆலிக்குட்டியுடையதுதான். மாறியது நிறம்.

"என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல." மாஷ் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "படம் மங்கலா இருந்துச்சு, மழை நாள் இல்லையா. அதுல ஒரு பொத்தான் இருக்கு, மந்திரக்கோல் படம் போட்டு. அழுத்தினா அதுவே சரி பண்ணிடும். டாக்டரம்மா பாக்கப் போற படம், நம்ம கிளினிக் பேர்ல போகுது. மங்கலா அனுப்பலாமா?"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் நர்ஸ் வருகிறாள் என்றால் நோயாளிக்குப் பவுடர் போட்டு, புது விரிப்பு விரித்து, வாசலைப் பெருக்கித்தான் உள்ளே கூப்பிடுவார்கள். அழுக்காகக் காட்டுவது மரியாதை இல்லை. மாஷ் அதே மரியாதையைப் புண்ணுக்குச் செய்துவிட்டார். மந்திரக்கோலுக்குக் கல்யாணப் பெண்ணும் ஒன்றுதான், அழுகும் தோலும் ஒன்றுதான். கறுப்பைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டும்.

"பழைய படத்தைக் காட்டுங்க. மாத்துறதுக்கு முந்தினது."

மாஷ் தேடினார். இல்லை. மாற்றியதைப் பழையதின் மேலேயே சேமித்திருந்தது அது. போனில்? ஏற்றி முடித்ததும் போனில் இருப்பதை அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. இடம் போதவில்லை என்று சுலைகா எப்போதும் புலம்புவது ஞாபகம் வந்து, மாஷ் ஆம் என்று அழுத்தியிருக்கிறார்.

சுலைகா திட்டவில்லை. போனை எடுத்து மைமூனாவைக் கூப்பிட்டாள். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"இத்தா, ஆலிக்கா கால்ல வாடை இருக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்? நேத்துலேருந்து இருக்கு. மழையில கட்டு நனைஞ்சுதுன்னு நெனச்சேன்."

"ஆளைப் படுக்க வைங்க. நான் வரேன்."

"படுக்க வைக்கிறதா? டாக்டரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களேன்னு அவரு காலையிலயே டிப்போவுக்குப் போயிட்டாரு."

நாங்கள் கிளினிக் ஜீப்பில் நேராக டிப்போவுக்குப் போனோம். ஆலிக்குட்டி ஒரு தேக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்து, கூட இருந்தவர்களுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். முதுகில் ஓட்டை உள்ள சட்டை. சுலைகா அங்கேயே மண்டியிட்டுக் கட்டைப் பிரித்தாள். சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். புண்ணின் வாய் சின்னதாகத்தான் இருந்தது. அதன் ஓரம் சாம்பல் நிறம், இரண்டாவது விரலின் அடிவரை கறுப்பு. பக்கத்தில் அழுத்தினால் உள்ளே பஞ்சு மாதிரி அமுங்கியது.

"வலிக்குதா?"

"எனக்கு எப்ப வலிச்சுது?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "டாக்டரம்மா நல்லாருக்குன்னாங்களே?" என்று கேட்டார்.

"அவங்க பாத்தது உங்க காலை இல்லை. நாங்க அலங்காரம் பண்ணின படத்தை. எந்திரிக்காதீங்க. உங்களைத் தூக்கச் சொல்றேன்."

"என்னையா? முப்பது வருஷமா நான்தான் தூக்கினேன்."

"இன்னிக்கு நீங்கதான் லோடு."

நான்கு பேர் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். வழியில் மைமூனாவையும் ஏற்றிக்கொண்டோம். மாஷ் கிளினிக்கிலேயே யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிப் பாதையில் மண் சரிந்த இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அங்கே மைமூனா மாஷிடம், "பாயசம் குடுத்தேன் உங்களுக்கு" என்றாள்.

டாக்டரம்மா ஒரு கையில் தாளும் மறு கையில் ஆலிக்குட்டியின் பாதமுமாகப் பார்த்தார். "இது யார் கால்?" என்றார், தாளைக் காட்டி.

"இவரோடதுதான். நிறம் மாறிப்போச்சு. தப்பு எங்களோடது" என்றாள் சுலைகா. மாஷ் வாயைத் திறந்தார், அவள் பேசவிடவில்லை. "யார் செஞ்சதுன்னு அப்புறம் பாக்கலாம் டாக்டர். இப்ப காலைப் பாருங்க."

அன்று மாலையே உள்ளே தேங்கியிருந்த சீழைத் திறந்துவிட்டு, இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது, இப்போதைக்கு. கிருமி எலும்புக்குப் போயிருக்கிறதா என்பது ஆறும் விதத்தில்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. அதோடு இன்னொன்றும் சொன்னார்: "இனி எனக்குப் படம் அனுப்ப வேண்டாம். வாரம் ரெண்டு தடவை நேர்ல கொண்டு வாங்க."

புதிதாக வெட்டிய பாதத்தை வாரம் இரண்டு தடவை அந்தப் பாதையில் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வந்தால் அது ஆறாது. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். ஆனால் பொய்ப் படத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தவர்.

சுலைகா கதவருகில் நின்றாள், நகரவில்லை. "டாக்டர், ரெண்டு வாரம் நீங்க சொன்ன மாதிரி நேர்ல கொண்டு வரேன். வர்ற ஒவ்வொரு தடவையும் வீட்டுல எடுத்த படத்தையும் கொண்டு வரேன். காலையும் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு தடவை மாறியிருந்தாலும் அப்புறம் படம்னு பேச மாட்டேன். நாலு தடவையும் ஒண்ணா இருந்தா, படத்தை ஏத்துக்கணும்."

டாக்டரம்மா தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "துணியையும் கொண்டு வாங்க" என்றார்.

ஆலிக்குட்டி ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் சுலைகாவுக்கு இரண்டு வேலை. காலையில் வீடுகள், மதியத்துக்கு மேல் லேப்டாப். பழைய மூன்று வரிகளை அடித்துவிட்டு நோட்டில் புதிதாக எழுதினாள். முதல் வரி: என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. இரண்டாவது: நான் மாற்றினாலும் பழையது பழையதாகவே இருக்கணும். மூன்றாவது: எதையும் அழிக்கக் கூடாது. வேகம், அடுக்குவது எல்லாம் அதற்கும் கீழே போயிற்று.

சோதனை முறையும் அவளுடையதே. கோப்பில் இருந்த நாற்பது துணித்துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, காலை பத்து மணி வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தாள். ஒவ்வொரு மென்பொருளிலும் அந்தப் படத்தை ஏற்றுவாள். ஓரத்தை வெட்டுவாள், திருப்புவாள், சேமிப்பாள். மூடி, மறுபடி திறப்பாள். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரைமேல் வைத்துப் பார்ப்பாள். திரையில் தெரிகிற நிறமும் துணியும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது என்று மாஷ் சொன்னார். அது ஓவிய மாஷுக்குத் தெரிந்த விஷயம். "பரவால்ல. ஏத்தறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சோ, அப்புறமும் அப்படியே இருக்கான்னு பாப்போம்" என்றாள். கடைசியில் பழைய படம் இருக்கும் இடத்துக்குப் போய், அது தொடப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

மாஷ் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தை வாசித்துச் சொன்னார். முதல் இரண்டு நாள் அவர் குரலே வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் சுலைகா சொன்னாள்: "மாஷே, வருத்தப்படுறதை வீட்டுல வச்சுட்டு வாங்க. எனக்கு வாசிக்க ஆள் வேணும்."

ஒன்று, படத்தை ஏற்றும்போதே 'மேம்படுத்திக்' காட்டியது. அதை நிறுத்தும் இடத்தை மாஷ் அரை மணி நேரம் தேடியும் காணவில்லை. தள்ளினாள். இன்னொன்று பழையதைத் தொடவில்லை, ஆனால் ஆயிரம் படம் ஏற்றியதும் லேப்டாப் கொதித்தது. பூனைக்குட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. தள்ளினாள். வேறொன்று எல்லாம் ஒழுங்காகச் செய்தது. ஆனால் எந்தத் துணி யாருடையது என்ற குறிப்பைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டால் குறிப்பும் போய்விடும்.

"மாஷே, இது நாளைக்கு நின்னுபோச்சுன்னா?"

"குறிப்பெல்லாம் போச்சு."

"அப்ப நாம நாற்பது பேரை மறந்துபோகணுமா? தள்ளுங்க."

ஏழாம் நாள் கிடைத்தது. அழகே இல்லாதது. திறந்தால் பஞ்சாயத்து அலுவலகச் சுவர் மாதிரி சாம்பல் நிறம். முகம் தேடாது, மந்திரக்கோல் இல்லை. சுலைமானி டீ ஆறுவதற்குள் திறந்துவிடும். படங்கள் சாதாரண ஃபோல்டரிலேயே இருக்கும். இது அவற்றைப் பார்க்க மட்டும் செய்யும். நாம் வெட்டினால், திருப்பினால், அந்தக் கட்டளையைத் தனியாக ஒரு சின்னச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், பழையதைத் தொடாது. "நீல சட்டை" என்று எழுதினால் அது படத்துக்குள்ளேயே பதியும், வேறு எதில் திறந்தாலும் தெரியும். நாற்பது துணியையும் வைத்துப் பார்த்தாள். மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"எப்படி சிஸ்டரே?"

"அசிங்கமா இருக்கு" என்றேன்.

"ஆமா. நல்லா இருக்கு" என்றாள்.

படங்களின் இன்னொரு பிரதியைத் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் போட்டு அலமாரியில் பூட்டினாள். ஏற்றிய படங்களைத் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் போனில் எதையும் அழிக்கக் கூடாது என்று எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டினாள். பூனைக்குட்டிக்குப் பக்கத்திலேயே.

இரண்டு வாரம், நான்கு பயணம். சீட்டு வாங்கும் வரிசையில் ஆலிக்குட்டி எல்லோரிடமும், "என் காலைவிட என் சட்டைக்குத்தான் இங்க வைத்தியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் துணியைத் தாளின் மேல் வைத்தார், பிறகு பாதத்தின் பக்கத்தில் வைத்தார். நான்காவது முறை தாளை மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு, "வாரம் ஒண்ணு அனுப்புங்க" என்றார்.

வாராவாரம் போகும் தாள்களில் மூன்றாவதைப் பார்த்த ஆலிக்குட்டி முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு கண்றாவியாவா இருக்கு? மாஷ் அனுப்பினப்ப நல்லா இருந்துச்சே."

"மாஷ் அனுப்பினப்ப உங்களுக்கு அஞ்சு விரல் இருந்துச்சு" என்றாள் மைமூனா.

ஐந்தாவது தாளில், விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சாம்பல் நிறம் திரும்ப வந்தது. டாக்டரம்மா அதைத் தாளிலேயே கண்டுபிடித்து அன்றே மருந்தை மாற்றினார். அடுத்த வாரம் அது இல்லை. பதினேழாவது தாளோடு புண் மூடியது. கால் தப்பியது. ஆலிக்குட்டி இப்போது டிப்போவில் லாரி வரிசைக்குச் சீட்டுக் கொடுக்கிறார். தனியாகத் தைத்த செருப்பு, சுமை கிடையாது. அதில் அவருக்குக் குறை உண்டு, வாயும் உண்டு.

சிகிச்சை முடிந்தால் துணியை வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பது சுலைகாவின் வழக்கம். பெரும்பாலும் ஆள் போன பிறகுதான் துணி திரும்பும். அன்று அவள் அதை நேராக ஆலிக்குட்டியின் கையில் கொடுத்தாள்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை, விளிம்பில் கோடுகள், நடுவில் நீலம்.

"அஞ்சாறு மாசம் முதுகுல ஓட்டையோட நடந்தேன். இப்ப இதை எங்கே தைக்கிறது?"

"பிளாஸ்டிக்கைத் தைக்க முடியாது ஆலிக்கா."

"அப்ப எதுக்குக் குடுக்கறே?"

"உங்களோடது. வச்சுக்குங்க." அவள் பையைத் தோளில் மாட்டினாள். அடுத்த வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால், மஞ்சள் பூத் துணி. "தினம் காலைப் பாருங்க. கண்ணாடி வச்சு அடிப்பாதத்தையும் பாருங்க. ஏதாவது நிறம் மாறினா எனக்குப் போன் பண்ணுங்க. படம் அனுப்பாதீங்க, நான் வந்து பாக்கறேன்."